அக்கா கையெழுத்து வராம அட்வான்ஸ் போகக்கூடாது

வீடு வாங்கறது பத்தி வக்கீலான என்கிட்ட யோசனை கேட்டு வந்ததுல, இந்த தடவை எடுத்துக்கிட்ட கடிதம் ரொம்ப நீளம், அதனால சுருக்கி சொல்லிட்டு பதிலுக்கு வரேன். எழுதினவங்க 34 வயசு, தாம்பரம் பக்கம் வாடகை வீட்டுல இருக்காங்க, பேர் வேணாம்னு கேட்டிருக்காங்க. தனியார் கம்பெனியில அக்கவுன்ட்ஸ் வேலை, கைக்கு வர்றது 30,000. வீட்டுக்காரர் ஃபேக்டரியில சூப்பர்வைசர், அவருக்கு 36,000. மூணாவது படிக்கற ஒரு பொண்ணு. வாடகை 13,000. கல்யாணம் ஆனதுலேர்ந்து சேர்த்தது பேங்க்ல 9 லட்சம், அப்புறம் இவங்க நகை 14 பவுன்.

ரெண்டு வீடு பாத்து வெச்சிருக்காங்க. முதல் வீடு 2002ல கட்டின அபார்ட்மென்ட்ல ரெண்டாவது மாடி, 620 சதுர அடி, யூடிஎஸ் (மனையில அந்த வீட்டுக்கு வர்ற பங்கு) 310, விலை 34 லட்சம். அந்த வீட்டு ஓனர் 2019ல உயில் எதுவும் எழுதாம இறந்துட்டார், இப்ப அவரோட பையன் விக்கறார். பையனும் அவங்க அம்மாவும் கையெழுத்து போடுவாங்களாம். ஒரு அக்கா கனடால இருக்காங்க, "அக்காவுக்கு கல்யாணத்துக்கே எல்லாம் செஞ்சாச்சு, அவங்களுக்கு ஆட்சேபணை இல்லன்னு வாட்ஸ்அப்ல போட்டிருக்காங்க"ன்னு பையன் மெசேஜை காமிச்சிருக்கார். 28 லட்சத்துக்கு பத்திரம் போட்டுட்டு மீதி 6 லட்சம் கேஷா வேணும்னும் கேக்கறார். ரெண்டாவது, கூடுவாஞ்சேரி தாண்டி ஒரு பிரீ-லாஞ்ச் (முறையா விற்பனை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே விக்கற வீடு), "850 சதுர அடி" 36 லட்சம், இப்பவே 5 லட்சம் கட்டினா விலை ஏறாது, ரெரா நம்பர் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை சட்டப்படி வாங்கற பதிவு எண்) அடுத்த மாசம் வந்துடும்னு சொல்றாங்களாம்.

இவங்க கேள்வி: எது வாங்கலாம், இசி (வில்லங்க சான்றிதழ்) சுத்தமா இருக்கு பேங்க்கும் லீகல் பாக்கும், அப்புறம் தனியா வக்கீல் செலவு எதுக்கு, மாமியார் "பையன் பேர்ல மட்டும் வாங்குங்க"ன்னு சொல்றாங்க அது சரியா, பர்சனல் லோன் 4 லட்சம் எடுக்கலாம்னு வீட்டுக்காரர் சொல்றார் எடுக்கலாமா. ஏற்கனவே டோக்கன் 25,000 குடுத்தாச்சு. வர்ற வெள்ளிக்கிழமை 3 லட்சம் அட்வான்ஸ் குடுக்கறதா பேச்சு.

வணக்கம்மா. நீங்க கேட்ட வரிசையில பதில் சொல்லாம, எது அவசரமோ அதை முதல்ல சொல்லிடறேன். வெள்ளிக்கிழமை அந்த 3 லட்சத்தை குடுக்காதீங்க. வீடு மோசம்னு நான் சொல்லல, நீங்க அனுப்பின விவரத்தை வெச்சு பாத்தா ரெண்டுல அந்த பழைய வீடுதான் உங்களுக்கு ஒத்து வர்றது. ஆனா விக்க வந்திருக்கறவங்களுக்கு முழு வீட்டையும் விக்கற உரிமை இல்ல, அது சரியாகற வரைக்கும் ஒரு ரூபா கூட இனிமே போகக்கூடாது.

யாருக்கு எவ்வளவு பங்கு

அந்த வீடு இறந்தவர் தன் சம்பாத்தியத்துல வாங்கினது, உயில் இல்லன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. இந்து வாரிசுரிமை சட்டப்படி அப்படிப்பட்ட சொத்து மனைவி, பிள்ளைங்க, அப்புறம் இறந்தவரோட அம்மா, இவங்க எல்லாருக்கும் சமமா போகும். பொண்ணுக்கு கல்யாணத்துல எவ்வளவு சீர் செஞ்சாங்க, நகை எவ்வளவு போட்டாங்கங்கறதெல்லாம் இங்க கணக்குலயே வராது. நிறைய பேர் பொண்ணுங்களுக்கு பங்கு 2005ல வந்த திருத்தத்துக்கு அப்புறம்தான்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க, அது பூர்வீக சொத்து விஷயம். அப்பா சுயமா சம்பாதிச்சதுல பொண்ணுக்கு சம பங்கு 1956 சட்டத்துலயே இருக்கு.

உங்க கடிதத்துல போற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்க, "அவங்க பாட்டி ஊர்ல தனியா இருக்காங்களாம், 80 வயசுக்கு மேல, பாவம்"னு. அந்த பாட்டி யாரோட அம்மான்னு உடனே கேளுங்க. இறந்தவரோட அம்மாவா இருந்தா அவங்களுக்கும் இந்த வீட்டுல பங்கு இருக்கு, இதை விக்கறவங்களும் மறந்துடுவாங்க, புரோக்கரும் மறந்துடுவார், சில சமயம் வாங்கறவங்க வக்கீல் கூட கோட்டை விட்டுடுவார். அப்படின்னா மனைவி, பையன், பொண்ணு, பாட்டின்னு நாலு பங்கு. பையனும் அம்மாவும் மட்டும் கையெழுத்து போட்டா நீங்க 34 லட்சம் குடுத்து வாங்கறது பாதி வீடு. மீதி பாதிக்கு அக்காவும் பாட்டியும் உங்க மேல பாகப்பிரிவினை கேஸ் போடலாம். இன்னைக்கு அவங்களுக்கு மனசுல அப்படி எதுவும் இல்லாம இருக்கலாம், நாளைக்கு அக்கா தம்பிக்குள்ள வேற எதுக்காவது சண்டை வந்தா கோர்ட்டுக்கு இழுக்கப்படறது நடுவுல இருக்கற நீங்கதான். பாட்டி காலமாகிட்டாங்கன்னா விஷயம் இன்னும் பெருசாகும், ஏன்னா அவங்க பங்கு அவங்களோட மத்த பிள்ளைங்களுக்கும் போகும், அப்ப நீங்க பாத்தே இருக்காத சித்தப்பா அத்தை எல்லாரோட கையெழுத்தும் வேணும். அதனால பாட்டி இருக்கும்போதே இது முடியறது எல்லாருக்கும் நல்லது.

தாசில்தார் குடுக்கற வாரிசு சான்றிதழை கேட்டு வாங்கிப் பாருங்க, அதுல யார் யார் பேர் இருக்குன்னு எண்ணுங்க. அதோட நிக்காம பாட்டி பேர் அதுல விட்டுப்போயிருக்கான்னு தனியா விசாரிங்க, சான்றிதழ்ல பேர் இல்லங்கறதால ஒருத்தரோட பங்கு போயிடாது.

வாட்ஸ்அப் மெசேஜுக்கு இந்த விஷயத்துல சட்ட மதிப்பு கிடையாதும்மா. அசையா சொத்துல ஒருத்தர் பங்கை விடணும்னா பதிவு பண்ணின பத்திரம் வேணும். அக்காவுக்கு மூணு வழி இருக்கு. லீவுல வந்து நேர்ல கையெழுத்து போடலாம். இல்லன்னா அங்க இருக்கற இந்திய தூதரகத்துல இந்த ஒரு வீட்டுக்கு மட்டும்னு தெளிவா எழுதி பவர் (தனக்கு பதிலா கையெழுத்து போட இன்னொருத்தருக்கு குடுக்கற அதிகாரம்) குடுக்கலாம், அந்த பவர் இந்தியாவுக்கு வந்து மூணு மாசத்துக்குள்ள இங்க முத்திரை கட்டணம் கட்டி முறைப்படுத்தணும். மூணாவது, தன் பங்கை விட்டுக்குடுக்கறதா தம்பிக்கோ அம்மாவுக்கோ விடுதலைப் பத்திரம் எழுதி பதிவு பண்ணிட்டு ஒதுங்கிக்கலாம், அப்புறம் உங்க கிரயப் பத்திரத்துல அவங்க வரவே வேணாம். எனக்கு மூணாவதுதான் பிடிக்கும். காரணம் வரி. வெளிநாட்டுல குடியிருக்கறவங்க நேரா உங்களுக்கு விக்கற பார்ட்டியா வந்தா, அவங்க பங்குக்கு குடுக்கற பணத்துல டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கற வருமான வரி) பிடிச்சு கட்ட வேண்டிய பொறுப்பு வாங்கற உங்களோடது. 50 லட்சத்துக்கு கீழ இருந்தா டிடிஎஸ் இல்லன்னு எல்லாரும் சொல்றது இங்கேயே குடியிருக்கறவங்க விக்கும்போது மட்டும்தான், வெளிநாட்டுல இருக்கறவங்களுக்கு அந்த வரம்பு கிடையாது. பிடிக்காம விட்டா வருமான வரிக்காரங்க உங்ககிட்டதான் வட்டியோட கேப்பாங்க. அக்கா பணம் வாங்காம தம்பிக்கு விட்டுக்குடுத்தா உங்களுக்கு இந்த தலைவலி இல்ல. இல்ல, பங்குக்கு பணம் வேணும்னு சொன்னாங்கன்னா ஒரு ஆடிட்டரை உக்கார வெச்சு கணக்கு போட்டுட்டு அப்புறம் நகருங்க. பவர்ல இன்னொன்னு: பவர் குடுத்தவங்க இறந்துட்டா பொதுவா அந்த பவரும் போச்சு. அதனால பாட்டிகிட்ட பவர் வாங்கி வெச்சுக்கிட்டு ஆறு மாசம் கழிச்சு பாக்கலாம்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க, அவங்க நேர்ல வந்து விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து போடட்டும். அவங்க என்ன எழுதிக்குடுக்கறாங்கன்னு அவங்களுக்கு புரியற மாதிரி யாராவது சொல்லட்டும்மா, அந்த வயசானவங்களுக்கும் அது நியாயம்.

இசி, பேங்க் லீகல், இதெல்லாம் எவ்வளவு தூரம் காப்பாத்தும்

இசி சுத்தமா இருக்குன்னு சந்தோஷமா எழுதியிருக்கீங்க. இசியில வர்றது சார்பதிவாளர் ஆபீஸ்ல பதிவானது மட்டும்தான். ஒருத்தர் இறந்தது அங்க பதிவாகாது, வாரிசு யாருன்னு அங்க இருக்காது, பதிவு பண்ணாத உயில் வராது, கோர்ட்ல நடக்கற கேஸ் பெரும்பாலும் வராது. இறந்துபோனவர் பேர்லயே இருக்கற வீட்டுக்கும் இசி சுத்தமாத்தான் வரும். உங்களுக்கு வந்திருக்கறதும் அதுதான்.

பத்திரத்தை பேங்க்ல வெச்சு கடன் வாங்கறது நம்ம ஊர்ல பெரும்பாலும் பதிவாகி இசியில தெரிஞ்சுடும், ஆனா எல்லா கடனும் அப்படி தெரியும்னு நம்பிடாதீங்க. செர்சாய்னு மத்திய அரசோட பதிவேடு ஒன்னு இருக்கு, பேங்க்ல அடமானமா வெச்ச சொத்தை அதுல தேடலாம், செலவும் கம்மி, அதையும் தேடிப் பாத்துடுங்க. அசல் பத்திரம் எங்க இருக்குன்னு கேளுங்க, ஜெராக்ஸை பாத்துட்டு திருப்தியாக வேணாம், அசலை கையில வாங்கி பக்கம் பக்கமா பாருங்க.

பேங்க் வக்கீல் பாக்கத்தான் செய்வார், இந்த வாரிசு விஷயத்தை அவரே பிடிச்சாலும் பிடிச்சுடுவார். ஆனா எப்ப பிடிப்பார்? நீங்க 3 லட்சம் அட்வான்ஸ் குடுத்து, லோனுக்கு பிராசசிங் ஃபீஸ் கட்டினதுக்கு அப்புறம். அப்ப பேங்க் லோன் இல்லன்னு ஒரு லெட்டர்ல முடிச்சுக்கும், உங்க 3 லட்சத்துக்கு அது பொறுப்பில்ல. அவர் பாக்கறது பேங்க் குடுக்கற கடன் திரும்பி வருமாங்கறதுக்காக. அட்வான்ஸுக்கு முன்னாடி உங்களுக்காக ஒருத்தர் பாக்கணும், அதுவும் புரோக்கர் கூட்டிட்டு வர்ற வக்கீலா இல்லாம நீங்களா தேடிப் பிடிச்ச ஒருத்தர். 34 லட்சத்துக்கு முன்னாடி அந்த ஃபீஸை பெருசா நினைக்காதீங்க.

அட்வான்ஸ் குடுக்கும்போது 20 ரூபா பத்திரத்துல எழுதி கையெழுத்து வாங்கிக்கிட்டா போதும்னும் ஒரு நினைப்பு பரவலா இருக்கு. தமிழ்நாட்டுல 2012லேர்ந்து கிரய ஒப்பந்தத்தை பதிவு பண்ணியே ஆகணும். பதிவு பண்ணினா அது இசியில ஏறும், உங்களுக்கு தெரியாம வேற ஒருத்தருக்கு விக்கறது கஷ்டமாகிடும். அதுல நான் மேல சொன்ன எல்லா வாரிசும் பார்ட்டியா இருக்கணும், லோன் வரலன்னா அட்வான்ஸ் எத்தனை நாள்ல திரும்ப வரும்னு ஒரு வரி இருக்கணும்.

அந்த 6 லட்சம் கேஷ்

இதுல நான் விட்டுக்குடுக்கவே மாட்டேன். பையனுக்கு இதுல என்ன லாபம்னு உங்களுக்கே தெரியும், வரி கம்மியாகும். உங்களுக்கு காட்டற ஆசை, 6 லட்சத்துக்கு 9 சதவீதம் பதிவு செலவு மிச்சம், அதாவது 54,000. அந்த 54,000க்காக நீங்க எதையெல்லாம் விடறீங்கன்னு பாருங்க. பேங்க் 28 லட்சத்தை வெச்சுத்தான் கடன் கணக்கு போடும், 34ஐ வெச்சு போடாது, அதனால கைக்காசு இன்னும் அதிகமா வேணும், வீட்டுக்காரர் பர்சனல் லோன் பேச்சை எடுத்ததே இதனாலதான்னு எனக்கு தோணுது. நாளைக்கு வாரிசு கேஸ்ல தோத்து பணத்தை திருப்பி கேட்டா 28க்கு மட்டும்தான் ஆதாரம் இருக்கும். நீங்க பின்னாடி விக்கும்போது 28க்கு வாங்கினதாதான் கணக்கு, அப்ப வரி உங்க தலையில. இதுக்கெல்லாம் மேல, அசையா சொத்து வியாபாரத்துல 20,000 ரூபாயும் அதுக்கு மேலயும் கேஷா வாங்கறது 2015லேர்ந்தே வருமான வரி சட்டப்படி தப்பு, அந்த கேஷை வாங்கினவருக்கு அதே அளவு அபராதம் போடலாம். நீங்க எவ்வளவு கஷ்டப்பட்டு ஒவ்வொரு மாசமா சேர்த்த வெள்ளைப் பணத்தை நீங்களே எதுக்கும்மா கறுப்பாக்கணும். முழு விலைக்கும் பத்திரம், முழு பணமும் பேங்க் வழியா, ஒத்துக்கலன்னா வேற வீடு பாப்போம்னு தைரியமா சொல்லுங்க.

பணக்கணக்கு

34 லட்சம்னு மட்டும் மனசுல வெச்சுக்காதீங்க. பழைய வீட்டுக்கு முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 3,06,000. வக்கீல், பேங்க் ஃபீஸ், புரோக்கர், குடி போறதுக்கு முன்னாடி பெயின்ட்டு பிளம்பிங்னு இன்னொரு லட்சம் வெச்சுக்கோங்க. 38 லட்சத்தை தொடும். பெண் பேர்ல வாங்கினா பதிவுக் கட்டணம் குறையும்னு கேள்விப்பட்டதா எழுதியிருக்கீங்க, 2025 ஏப்ரல்லேர்ந்து 1 சதவீதம் குறைச்சது உண்மைதான், ஆனா 10 லட்சம் மதிப்பு வரைக்கும் உள்ள சொத்துக்குத்தான், உங்களுக்கு வராது. பதிவுச் செலவை பேங்க் கடன்ல சேர்த்துக்கும்னு நினைச்சிருந்தா அதுவும் இல்ல, இந்த விலை வீட்டுக்கு ரிசர்வ் பேங்க் விதிப்படி அது உங்க கைக்காசு.

வீட்டுக்காரர் போட்ட திட்டம், 27 லட்சம் ஹவுஸிங் லோன், 4 லட்சம் பர்சனல் லோன். எட்டரை சதவீத வட்டி, 20 வருஷம்னு வெச்சா 27 லட்சத்துக்கு இஎம்ஐ 23,400 வரும். பர்சனல் லோன் 13 சதவீதம் நாலு வருஷம்னா அதுக்கு மாசம் 10,700. ரெண்டும் சேர்ந்து 34,000, உங்க ரெண்டு பேர் சம்பளத்துல பாதிக்கு மேல. அதுக்கப்புறம் மெயின்டனன்ஸ், ஸ்கூல் ஃபீஸ், பஸ்சு ட்ரெயின், ஒரு காய்ச்சல் வந்தா ஆஸ்பத்திரி. நாலு வருஷம் மூச்சு முட்டும். ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு வேலை மூணு மாசம் இல்லன்னா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

நான் சொல்ற வழி உங்களுக்கு கொஞ்சம் வலிக்கும். கடனை 25 லட்சத்தோட நிறுத்துங்க, பேங்க்ல இருக்கற 9ல 2 லட்சத்தை தொடாம வெச்சுக்கிட்டு 7 போடுங்க, மீதி 6 லட்சத்துக்கு நகையில ஒரு பகுதியை வித்துடுங்க, அடகு வேணாம், அடகு வெச்சா அதுவும் இன்னொரு கடன்தான். அன்னைக்கு விலைக்கு எத்தனை பவுன் போகும்னு நீங்களே கணக்கு போட்டுக்கலாம். இஎம்ஐ 21,700ல நிக்கும். இதுல இன்னொரு நன்மை இருக்கு. பிரதம மந்திரி ஆவாஸ் யோஜனா நகர்ப்புறம் 2.0ல வட்டி மானியம் குடுக்கறாங்க, வருஷ வருமானம் 9 லட்சம் வரைக்கும் இருக்கற குடும்பம், வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள்ள, கடன் 25 லட்சத்துக்குள்ள, நாட்டுல எங்கயும் சொந்தமா பக்கா வீடு இருக்கக்கூடாது. முதல் 8 லட்சம் கடனுக்கு 4 சதவீதம், அதிகபட்சம் 1,80,000 வரைக்கும், அஞ்சு தவணையா உங்க கடன் கணக்குல வரவு வைப்பாங்க. 27 எடுத்தா இது கையை விட்டு போயிடும். ஊர்ல இருக்கற வீடு மாமனார் பேர்ல இருக்குன்னு எழுதியிருக்கீங்க, உங்க ரெண்டு பேர் பேர்லயும் இல்லாத வரைக்கும் அது இதுக்கு தடையாகாது. லோன் கேக்கப் போற பேங்க்லயே இந்த மானியத்துக்கு எழுதி குடுக்கறாங்களான்னு முதல் நாளே கேட்டுடுங்க, அப்புறம் கேட்டா மறந்துட்டோம்பாங்க.

லோன் எடுத்தா வரி மிச்சம்னு உங்ககிட்ட சொன்னவங்க பேச்சை கணக்குல சேர்க்காதீங்க. புது வரி முறையில 2025-26லேர்ந்து 12 லட்சம் வருமானம் வரைக்கும் வரியே வராது, உங்க சம்பளத்துக்கு மிச்சம் பண்றதுக்கு அங்க வரியே இல்ல. போனஸ் வரும்போது அசல்ல கொஞ்சம் கொஞ்சமா கட்டுங்க, தனிநபர் ஃப்ளோட்டிங் வட்டி (அப்பப்ப மாறற வட்டி) ஹவுஸிங் லோனுக்கு முன்கூட்டி கட்டறதுக்கு அபராதம் போடக்கூடாது. முதல் சில வருஷம் கட்டறதுக்குத்தான் பலன் அதிகம்.

யார் பேர்ல

உங்க மாமியார் தப்பான எண்ணத்துல சொல்லியிருக்க மாட்டாங்க, அந்த தலைமுறையில அப்படித்தான் வாங்கி பழக்கம். ஆனா நடக்கப் போறதை பாருங்க. சம்பளம் பத்தாதுன்னு பேங்க் உங்களையும் லோன்ல சேர்க்கும், அப்ப 20 வருஷத்துக்கு கடன்காரி நீங்களும்தான். நகை உங்களோடது. சேமிப்புல பாதி உங்க சம்பளம். பத்திரத்துல மட்டும் பேர் இல்லன்னா கடன் உங்களுக்கு உண்டு, வீடு உங்களுக்கு இல்ல. அவர் நல்லவரா கெட்டவராங்கற கேள்வியே இங்க வேணாம், இதே விக்கற வீட்டைப் பாருங்க, ஒருத்தர் பேர்ல மட்டும் இருந்ததால அவர் போனதுக்கு அப்புறம் அந்த அம்மா தான் குடியிருக்கற வீட்டுலயே பல பங்குக்காரங்கள்ல ஒருத்தியா நிக்கறாங்க. ரெண்டு பேர் பேர்லயும் வாங்குங்க, ஆளுக்கு பாதின்னு பத்திரத்துல எழுதுங்க, உங்க பங்கு பணம் உங்க அக்கவுன்ட்லேர்ந்தே போகட்டும், நகை வித்த ரசீதை பத்திரமா வைங்க. வீட்டுக்காரர்கிட்ட "வக்கீல் சொன்னாங்க"ன்னு என் பேரையே சொல்லுங்க பரவால்ல.

பிரீ-லாஞ்ச் பத்தி

இதுக்கு ரொம்ப யோசிக்க வேணாம்னு எனக்கு தோணுது. ரெரா சட்டம் 2016ல வந்ததே இந்த மாதிரி விஷயத்துக்காகத்தான். 500 சதுர மீட்டருக்கு மேல இடம் இருந்தாலோ எட்டு வீட்டுக்கு மேல இருந்தாலோ பதிவு பண்ணாம விளம்பரம் பண்றதும் தப்பு, புக்கிங் வாங்கறதும் தப்பு. நம்பர் அடுத்த மாசம் வரும்னா அடுத்த மாசம் வாங்கன்னு சொல்லணும், இன்னைக்கு காசு கேக்கக்கூடாது. நம்பர் வந்ததுக்கு அப்புறமும், பதிவு பண்ணின ஒப்பந்தம் இல்லாம விலையில 10 சதவீதத்துக்கு மேல வாங்கக்கூடாது, 36 லட்சத்துக்கு அது 3,60,000, அவங்க கேக்கறது 5 லட்சம். ஆரம்பமே ரெண்டு விதியை மீறி இருக்கு.

அப்புறம் அந்த 850. அது சூப்பர் பில்ட்-அப், மாடிப்படி, லாபி, லிஃப்ட் எல்லாத்துலயும் உங்க பங்கை சேர்த்துச் சொல்ற கணக்கு. நீங்க நடமாடப்போற கார்ப்பெட் ஏரியா எவ்வளவுன்னு எழுத்துல கேளுங்க. யூடிஎஸ் 240தான் குடுக்கறாங்கன்னு எழுதியிருக்கீங்க, பழைய வீட்டுல 310. கட்டடம் வருஷா வருஷம் பழசாகும், மண்ணுல இருக்கற பங்குதான் கடைசி வரைக்கும் நிக்கும். தமிழ்நாடு அபார்ட்மென்ட் உரிமையாளர் சட்டம் 2022ல வந்து 2024ல நடைமுறைக்கு வந்திருக்கு, அதுப்படி மூணுல ரெண்டு பங்கு ஓனருங்க ஒத்துக்கிட்டா பழைய கட்டடத்தை இடிச்சு கட்டலாம், அந்த பேச்சுவார்த்தையில உங்க கையில இருக்கற யூடிஎஸ்தான் உங்க பலம். 2002ல கட்டின கட்டடம், நீங்க லோன் முடிக்கும்போது அதுக்கு வயசு 40க்கு மேல ஆகியிருக்கும், அதனால உங்களுக்கு இது சும்மா ஏட்டு விஷயம் கிடையாது.

புது வீட்டுக்கு முதல் விற்பனையில 50 லட்சம் வரைக்கும் முத்திரைத்தாள் 4 சதவீதம்தான், பதிவுக் கட்டணம் 2, அது நல்ல சலுகை, அதை மறைக்கல. கட்டிட்டு இருக்கற வீடுங்கறதால ஜிஎஸ்டி தனி. ஆனா வீடு கைக்கு வர்ற வரைக்கும் 13,000 வாடகையும் கட்டி லோனுக்கு வட்டியும் கட்டணும், உங்க சம்பளத்துல அது முடியாது. இதை விட்டுடுங்க.

பழைய வீட்டுல இன்னும் பாக்க வேண்டியது

ஒப்புதல் வாங்கின பிளானை கேட்டு அதுல எத்தனை மாடி, எத்தனை வீடு இருக்குன்னு பாருங்க, நேர்ல நிக்கறதும் அதுவும் ஒன்னான்னு ஒத்துப் பாருங்க. எல்லா வீட்டு யூடிஎஸையும் கூட்டினா மனையோட மொத்த அளவைத் தாண்டக்கூடாது, சில இடத்துல தாண்டும், வக்கீல்கிட்ட இதை குறிப்பா பாக்கச் சொல்லுங்க. ஒரு சிவில் இன்ஜினியரை அரை நாள் கூட்டிட்டுப் போங்க, பாத்ரூம் சீலிங், மொட்டை மாடி, தூண்ல கம்பி துரு பிடிச்சு சிமென்ட் உப்பியிருக்கான்னு பாத்து சொல்லுவார், அவர் சொல்ற ரிப்பேர் செலவை விலை பேசும்போது எடுத்து வைங்க. கீழ் வீட்டுக்காரங்ககிட்ட 2015 டிசம்பர்லயும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்லயும் தண்ணி எது வரைக்கும் வந்துச்சுன்னு கேளுங்க, தாம்பரம் சுத்துப்பக்கம் சில ஏரியால அது எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். நீங்க ரெண்டாவது மாடின்னாலும் ஈபி மீட்டர், சம்ப்பு, மோட்டார், உங்க டூவீலர் எல்லாம் கீழதான் இருக்கும். கோடையில லாரித் தண்ணிக்கு மாசம் எவ்வளவு ஆகுதுன்னு கேளுங்க. அசோசியேஷன்ல பாக்கி இல்லன்னு எழுதி வாங்குங்க, இறந்தவர் பேர்ல 2019லேர்ந்து மெயின்டனன்ஸ் பாக்கி நிக்குதான்னு பாக்கணும், சொத்து வரியும் அப்படியே.

இப்ப நீங்க செய்ய வேண்டியது. விக்கறவருக்கு போன் பண்ணி, வீடு பிடிச்சிருக்கு, வாங்கத்தான் போறோம், ஆனா அக்காவோடதும், இறந்தவரோட அம்மாவா இருந்தா பாட்டியோடதும் விடுதலைப் பத்திரம் பதிவானதுக்கு அப்புறம்தான் ஒப்பந்தம், அதுவும் முழு விலைக்குன்னு சொல்லுங்க. வேற பார்ட்டி ரெடியா இருக்குன்னு புரோக்கர் சொல்லுவார், சொல்லட்டும், அந்த பார்ட்டி லோன் போட்டு வாங்கறவங்களா இருந்தா அவங்க பேங்க்கும் இதே கையெழுத்தைத்தான் கேக்கும். இந்த வேலை முடிய ரெண்டு மூணு மாசம் ஆகலாம், அந்த நேரத்துல லோனுக்கான பேப்பரை நீங்க ரெடி பண்ணிக்கலாம்.

டோக்கன் 25,000க்கு ரசீது வாங்கினீங்களான்னு எழுதல. வாங்கலன்னா இன்னைக்கே ஒரு மெசேஜ் போடுங்க, எந்த தேதியில, எந்த வீட்டுக்கு, யார் கையில குடுத்தோம், எல்லா வாரிசும் கையெழுத்து போடலன்னா திருப்பித் தரணும்னு. அவர் "சரிங்க"ன்னு ஒரு வார்த்தை பதில் போட்டாலும் அதை டெலிட் பண்ணாம வைங்க, பணத்தை வாங்கினேன்னு ஒத்துக்கிட்டதுக்கு அது உங்களுக்கு உதவும். பேங்க் வழியா அனுப்பியிருந்தா ஸ்டேட்மென்ட்டை எடுத்து அதோட சேர்த்து வெச்சுக்கோங்க.